கதைக்குள் ஒரு பட்டன்

(நூலக வாசகர் கூடுகை ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்றைய தலைப்பை அறிவித்ததும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் “இதெல்லாம் பேச ஒரு விஷயமா?” என்று முகம் சுளித்ததைப் பார்த்தேன். “இவருக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?” என்று சுவரோரம் நிற்கும் இளையவர்கள் சிரித்துக்கொண்டதையும் பார்த்தேன். இரண்டு சந்தேகமும் நியாயம்தான். இரண்டையும் தீர்க்கப் பார்க்கிறேன். தீராவிட்டால் கேள்வி நேரம் இருக்கிறது.

விஷயம் இதுதான். அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் படங்களின் பாணியில் கதை சொல்லிக்கொண்டே வந்து, சட்டென்று நம் கையில் கன்ட்ரோலரைத் திணித்து, “இனி நீ அடி, நீ ஓடு, நீ முடிவு செய்” என்று சொல்கிற வீடியோ கேம்கள். பாதி படம், பாதி ஆட்டம். படத்தை வேடிக்கை பார்க்கிறோம், ஆட்டத்தில் இறங்குகிறோம். இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் என்ன ஆகும்? கதை கெடுமா, ஆட்டம் கெடுமா? அல்லது இரண்டுக்கும் தனித்தனியே கிடைக்காத ஒன்று கிடைக்குமா?

இது நமக்குத் தூரத்து விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ என்ற அனிமே படம் தமிழ்க் குரலோடு நம் ஊர்த் திரையரங்குகளுக்கே வந்தது. டீமன் ஸ்லேயர் கதையை 2021-இல் கேமாக்கிய நிறுவனத்தின் பெயர் சைபர்கனெக்ட் டூ. ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்தில் இருக்கிறது. அந்த நிறுவனத்தைப் பற்றி நிறையப் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1983-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஆர்கேட் கடைகள், அதாவது காசு போட்டு கேம் ஆடும் இடங்கள். அன்றைய கேம்களில் நாயகன் என்றால் சில சதுரப் புள்ளிகள், அவ்வளவுதான். அந்தக் கடைகளுக்குள் ஒரு புதுப் பெட்டி வந்து இறங்கியது. பெயர் ‘டிராகன்ஸ் லேர்’. திரையில் ஓடியது அசல் கார்ட்டூன்! டிஸ்னியிலிருந்து வெளியேறிய டான் ப்ளூத் என்ற ஓவியர் தம் குழுவோடு வரைந்த படம் அது. லேசர்டிஸ்க் என்ற பெரிய தட்டில் பதிந்திருந்தது. மற்ற பெட்டிகளுக்கு 25 சென்ட் என்றால் இதற்கு 50 சென்ட். கூட்டம் அலைமோதியது.

ஆனால் ஆடியவன் என்ன செய்தான்? வீரன் பாலத்தில் ஓடுகிறான். சரியான நொடியில் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் தப்பிப்பான். அரை நொடி பிந்தினால் சாவான். மறுபடி காசு போடு, மறுபடி தள்ளு. இதில் கதைக்கும் நம் கைக்கும் என்ன உறவு? ஒன்றுமே இல்லை. கதை பாட்டுக்கு ஓடுகிறது. நாம் சுங்கம் கட்டுகிறோம்.

அதே 1983-இல் இன்னொரு கூத்தும் நடந்தது. ‘கிளிஃப் ஹேங்கர்’ என்று ஒரு அமெரிக்கப் பெட்டி. அதன் படங்கள் புதிதாக வரையப்பட்டவை அல்ல. ‘லூபன் தி தேர்ட்’ என்ற ஜப்பானிய அனிமேப் படங்களிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியவை. வெட்டப்பட்ட படங்களில் ஒன்று 1979-இல் வந்த ‘கேஸில் ஆஃப் காலியோஸ்ட்ரோ’. அதை இயக்கியவர் யார்? ஹயாவோ மியாசாகி! பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய மேதையின் முதல் முழுநீளப் படம், அமெரிக்கக் கடைத்தெருவில் நாயகன் பெயரைக்கூட மாற்றிவைத்த ஒரு காசுப் பெட்டிக்குள் அடைபட்டது. மியாசாகி யார் என்றே தெரியாமல் அவர் படத்துக்குள் கைப்பிடியை ஆட்டிய பிள்ளைகள் இருந்தார்கள்.

ஆக, அனிமேயும் ஆட்டமும் முதலில் சந்தித்தது இப்படித்தான். ஒட்டுப்போட்ட சந்திப்பு. ஒட்டு எப்போது நெசவானது?

என் கணக்கில் 1996-இல். சேகா நிறுவனத்தின் ‘சாட்டர்ன்’ கருவிக்கு ‘சகுரா டைசென்’ என்று ஒரு கேம் வந்தது. வெளியுலகில் அதை ‘சகுரா வார்ஸ்’ என்பார்கள். திட்டமிட்டவர் ஓஜி ஹிரோய். கதை 1923-இன் டோக்கியோவில் நடக்கிறது. வரலாற்று டோக்கியோ இல்லை, நீராவியால் எல்லாம் இயங்கும் கற்பனை டோக்கியோ. ஒகாமி என்ற இளம் கடற்படை அதிகாரி ரகசியப் போர்ப்படை ஒன்றுக்குத் தலைமையேற்க மிடுக்காக வந்து இறங்குகிறான். இறங்கியவன் கையில் கொடுக்கப்படும் வேலை என்ன தெரியுமா? நாடகக் கொட்டகை வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது! ஏனென்றால் அந்தப் படையில் இருக்கும் பெண்கள் வெளியுலகுக்கு நாடக நடிகைகள். இரவில் மேடையேறுவார்கள். ஊரைப் பேய்கள் தாக்கினால் நீராவி இயந்திரக் கவசத்துக்குள் ஏறிப் போருக்குப் போவார்கள்.

அத்தியாயம் அத்தியாயமாக, டி.வி. தொடரைப் போலவே ஓடும். முடிவில் “அடுத்த வாரம்” என்று முன்னோட்டம்கூட உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

ஒரு நடிகை உங்களிடம் பேசுகிறாள். “இன்றைக்கு என் நடிப்பு எப்படி இருந்தது?” என்ற மாதிரி ஒரு கேள்வி. திரையில் இரண்டு மூன்று பதில்கள் வருகின்றன. அதுவரை வந்த பெரும்பாலான கேம்களில் இந்த இடத்தில் டீ குடித்துவிட்டு வந்துகூடப் பதிலைத் தேர்ந்தெடுக்கலாம். சகுரா வார்ஸில் முடியாது. பதில்களின் பக்கத்திலேயே நேரம் கரைகிறது. சில நொடிகள்தான். தயங்கினால் வாய்ப்பு போய்விடும். போனால் என்ன? நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று அவள் எடுத்துக்கொள்வாள். அவள் முகம் வாடும். சில இடங்களில் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே சரியான பதிலாகவும் ஆகிவிடும்!

நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டச் சொல்வாள் அல்லவா? உம் சத்தம் நின்றால் கதை நின்றுவிடும். “தூங்கிட்டியாடா?” என்பாள். அந்த உம்-இல் தகவல் ஒன்றும் கிடையாது. ஆனால் அது இல்லாமல் கதை நகராது. கேட்பவனும் கதைக்குள் இருக்கிறான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சகுரா வார்ஸ் செய்தது அதையேதான். நம் மௌனத்தையும் கதை கேட்டுக்கொண்டிருந்தது.

இதோடு நிற்கவில்லை. அந்தப் பெண்களிடம் நீங்கள் எப்படிப் பேசினீர்களோ, அதற்கேற்பப் போர்க்களத்தில் அவர்கள் வலிமை கூடும், குறையும். நேற்றைய ஒரு சொல் இன்றைய சண்டையில் தெரியும். கதையிலிருந்து ஆட்டத்துக்கு ஒரு வாசல் திறந்துவிட்டது. 1997 முதல் அதே குரல் நடிகைகள் அசல் மேடையில் ஏறி, அந்தப் பாத்திரங்களாகவே பாடி நடித்தார்கள் என்பது கூடுதல் செய்தி.

பெரியவர்களே, இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கேம்களைப் பார்க்கிறவர்கள் “ஆஹா, அப்படியே அனிமே மாதிரியே இருக்கிறது” என்று படத்தைப் பாராட்டுகிறார்கள். படம் முக்கியம்தான். ஆனால் இந்தக் கலையின் உயிர் படத்தில் இல்லை. பட்டனை எப்போது நம் கையில் கொடுக்கிறார்கள், எப்போது பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நாயகனின் கையில் என்ன நடக்கிறதோ அதுவே நம் கட்டைவிரலிலும் நடக்கிறதா? நடந்தால் அது கலை. நடக்காவிட்டால் 50 சென்ட் பெட்டி.

அப்படியானால் படத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன்.

1963-இல் ஒசாமு தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வாராவாரம் கொடுக்கத் தொடங்கினார். வாரம் ஒரு படம்! பணமும் இல்லை, ஆளும் இல்லை. என்ன செய்தார்? வரைவதைக் குறைத்தார். நொடிக்கு 24 படம் ஓடும் இடத்தில் எட்டே எட்டுப் படம் வரைந்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை காட்டினார்கள். வாய் மட்டும் அசையும், உடம்பு அப்படியே நிற்கும். ஓங்கிய கை ஓங்கியபடி நிற்கும். வறுமைக்குச் செய்த சிக்கனம், போகப்போக ஒரு பாணியாகிவிட்டது. அனிமே என்றாலே நம் கண் இன்று எதிர்பார்ப்பது அந்த வெட்டு வெட்டான அசைவைத்தான்.

ஐம்பது ஆண்டு கழித்து என்ன நடந்தது? யோகோஹாமாவில் இருக்கும் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் நிறுவனம் 2014-இல் ‘கில்டி கியர் எக்ஸ்ஆர்டி’ என்ற சண்டைக் கேமைக் கொண்டுவந்தது. முப்பரிமாண உருவங்கள்தான். ஆனால் பார்த்தால் கையால் வரைந்த அனிமே! மறு ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் கேம் தயாரிப்பாளர்கள் கூடும் மாநாட்டில், அதன் கலைஞர் ஜுன்யா மோட்டோமுரா தங்கள் வித்தையைத் திறந்து காட்டினார். கணினியிடம் ஓங்கிய கையையும் குத்திய கையையும் கொடுத்தால், இடைப்பட்ட அசைவுகளை அதுவே வழவழவென்று நிரப்பித் தரும். நொடிக்கு 60 படம், இனாமாக! இவர்கள் அந்த இனாமை வேண்டாம் என்றார்கள். இடைநிரப்பலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நிலையையும் கையால் திருகி வைத்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனியாக ஒரு விளக்கு வைத்தார்கள். கணினி போடும் நிழல் அசிங்கமாக விழுந்தால், உருவத்தின் புள்ளிகளில் ஒளி படும் திசையை ஒவ்வொன்றாகத் திருத்தி, ஓவியன் எங்கே நிழல் தீட்டுவானோ அங்கே விழ வைத்தார்கள். வறுமையில் பிறந்த பாணியைப் பணம் செலவழித்து, உயிரைக் கொடுத்து மீட்டார்கள்!

ஏன் இந்தப் பாடு? அழகுக்கு மட்டுமா? ஓங்கிய கை ஒரு கணம் ஓங்கியபடி நின்றால்தான் எதிரே ஆடுகிறவன் அதைப் படிக்க முடியும். “ஓஹோ, மேலிருந்து வருகிறது” என்று தடுக்க முடியும். பட்ட அடி ஒரு கணம் உறைந்து நின்றால்தான் அடித்தவன் விரலுக்கு அதன் கனம் ஏறும். தெசுகாவின் அந்தச் சிக்கனம் ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது கண்ணையும் விரலையும் இணைக்கும் மொழியாகிவிட்டது. இதே நிறுவனம் 2018-இல் செய்த ‘டிராகன் பால் ஃபைட்டர்இசட்’ கேமை இங்கே நிற்கும் தம்பிகள் பலர் ஆடியிருப்பீர்கள்.

இனி ஃபுகுவோகாவுக்கு வருவோம். நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகும் இடம் இது.

2012 பிப்ரவரியில் ஒரு கேம் வந்தது. தயாரித்தது சைபர்கனெக்ட் டூ, வெளியிட்டது கேப்காம். பெயரைக் கேளுங்கள்: ‘அசுராஸ் ராத்’. அசுரனின் கடுங்கோபம்! நாயகன் பெயர் அசுரா. மனைவி பெயர் துர்கா. மகள் பெயர் மித்ரா. வீரர்களின் உடலில் ஓடும் ஆற்றலின் பெயர் மந்திரா. கடைசியில் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் படைப்புச் சக்தியின் பெயர் சக்ரவர்த்தின். பெயர்களெல்லாம் நம் பக்கத்தவை. பௌத்தத்தோடு சீனா, கொரியா வழியாக நடந்து ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தவை இவற்றில் பல.

நமக்கு அசுரன் என்றால் என்ன? வதம் செய்யப்பட வேண்டியவன். திருச்செந்தூர்க் கடற்கரையில் ஆண்டுதோறும் விழ வேண்டியவன். ஜப்பானில் வேறு முகம். நாரா நகரின் கோஃபுகுஜி கோயிலில் 734-ஆம் ஆண்டுச் சிலை ஒன்று இருக்கிறது. மூன்று முகம், ஆறு கை. அரக்குப் பூசிய துணி அடுக்குகளால் செய்த சிலை. அந்த அசுரனுக்குக் கோரைப்பல் கிடையாது. புருவத்தை லேசாகச் சுருக்கிக்கொண்டு, எதையோ இழந்த பிள்ளையைப் போல நிற்கிறான். 2009-இல் அந்தச் சிலையை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தபோது ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

அவன் எதை இழந்தான்? அங்கே வழங்கும் பௌத்தக் கதையில் அவன் மகளைத் தேவர்களின் தலைவன் கவர்ந்து போகிறான். அசுரன் படை திரட்டிப் போகிறான். தோற்கிறான். மறுபடி போகிறான். மறுபடி தோற்கிறான். நம் புராணத்திலும் இந்திராணி யார்? புலோமன் என்ற அசுரனின் மகள் சசிதான். நாம் மருமகனின் பக்கம் நின்று கதை கேட்டோம். அவர்கள் மாமனாரின் பக்கம் போய் நின்றார்கள்.

அந்தத் தகப்பனின் கோபத்தைத்தான் இந்தக் கேம் எடுத்துக்கொண்டது. அசுரா, உலகைக் காக்கும் எட்டுத் தளபதிகளில் ஒருவன். மற்ற எழுவரும் சதி செய்து, பேரரசரைக் கொன்ற பழியை அவன்மேல் போடுகிறார்கள். மனைவியைக் கொல்கிறார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவனை வானிலிருந்து பூமிக்குத் தள்ளுகிறார்கள். 12,000 ஆண்டு கழித்து விழித்துப் பார்த்தால் அந்த எழுவரும் தெய்வங்களாகி இருக்கிறார்கள்! மக்கள் அவர்களை வணங்கிக்கொண்டே சாகிறார்கள். அந்த ஆன்மாக்கள்தான் அவர்களுக்கு எரிபொருள்.

சரி, இதை எப்படி ஆடுவது? இங்கேதான் இந்தக் கேமின் சாமர்த்தியம் இருக்கிறது. வழக்கமான சண்டைக் கேமில் எதிரியின் உயிர்க்கோடு ஒன்று மேலே இருக்கும். அதைக் குறைத்துக்கொண்டே வந்து பூஜ்யமாக்கினால் வெற்றி. அசுராவின் பெரிய சண்டைகளில் நம் கண் போக வேண்டிய கோடு வேறு. அது அவனுடைய கோபம். அடிக்க அடிக்க அது ஏறும். நிரம்பி வழியும்போது ஒரு பட்டன் ஒளிரும். அதை அழுத்தினால் கோபம் வெடிக்கும். கதை அடுத்த கட்டத்துக்குத் தாவும். யோசித்துப் பாருங்கள்: எதிரியைக் குறைப்பது நம் வேலையில்லை, தகப்பனின் ஆத்திரத்தை நிரப்புவதுதான் நம் வேலை!

ஒரு காட்சி சொல்கிறேன். எழுவரில் ஒருவன் பெயர் வைசன். பெருத்த உடல்காரன். அடி வாங்க வாங்க வளர்கிறான். மலையளவு வளர்கிறான். பிறகு பூமியை விடப் பெரிதாக வளர்ந்து, விண்வெளியில் நின்றுகொண்டு, ஒரே ஒரு விரலை நீட்டிப் பூமியோடு சேர்த்து அசுராவை நசுக்க வருகிறான். வானம் முழுக்க ஒரு விரல் நுனி! கீழே எறும்பளவு அசுரா. ஆறு கைகள் முளைக்கின்றன. திரையில் பட்டன் குறி மினுக்குகிறது. அழுத்து, அழுத்து, நிறுத்தாமல் அழுத்து! அசுரா அந்த விரலைக் குத்திக்கொண்டே இருக்கிறான். நம் கட்டைவிரல் கடுக்கிறது. கடைசியில் வைசன் வெடித்துச் சிதறுகிறான். அசுராவின் கைகளும் நொறுங்கி உதிர்கின்றன. நம் விரலும் வலிக்கிறது! அவனுக்கு நடந்ததில் ஒரு துளி நமக்கும் நடந்துவிட்டது. எந்தத் திரைப்படம் இதைத் தரும்?

இன்னொரு சண்டை நிலவில். எதிரே நிற்பவர் அசுராவின் குருநாதர் ஆகஸ். பின்னணியில் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனி முழங்குகிறது. ஆகஸின் வாள் நீள்கிறது, நீள்கிறது, நிலவிலிருந்து பூமி வரை நீண்டு பூமியையே ஊடுருவிவிடுகிறது. கைகளை இழந்த அசுரா முறிந்த வாளைப் பல்லால் கவ்விக்கொண்டு பாய்கிறான். அபத்தமா? முழு அபத்தம். ஆனால் புராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அளவு மிகை புதிதா என்ன? சிரிக்கவில்லை நான். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். பறந்துகொண்டே எதிரிகளைச் சுடும் பகுதிகள் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகின்றன. ஆட்டம் குறைவு, படம் அதிகம் என்று விமர்சகர்கள் அன்றே சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கிய 18 அத்தியாயங்களில் கதை முடியவில்லை! சக்ரவர்த்தினோடு மோதும் உண்மையான முடிவை ‘நிர்வாணா’ என்று பெயரிட்டுப் பிறகு தனியாக விற்றார்கள். நிர்வாணத்துக்குத் தனிக் கட்டணம்! மந்திரா ஆற்றல் அழிந்தால் தானும் அழிவோம் என்று தெரிந்தே மகளுக்காக அசுரா கடைசிக் குத்தை விடுகிறான். கதையின் உச்சமே அதுதான். அதைக் கொண்டுபோய்க் கட்டணக் கதவுக்குப் பின்னால் பூட்டிய செயலை எப்படி மன்னிப்பது? நான் மன்னிக்கவில்லை.

சைபர்கனெக்ட் டூ நிறுவனம்தான் ‘நருட்டோ’ கதையையும் ஆண்டுக்கணக்கில் கேமாக்கியது. 2016 பிப்ரவரியில் வந்த ‘ஸ்டார்ம் ஃபோர்’ அதில் முக்கியம். நருட்டோவும் சாசுகேயும் நண்பர்கள், பகைவர்கள், மறுபடி நண்பர்கள். அவர்களுடைய கடைசிச் சண்டை 2014-இல் முடிந்த காமிக்ஸில் அச்சாகிவிட்டது. ஆனால் தொலைக்காட்சித் தொடர் அந்த இடத்துக்கு வர 2016-இன் பிற்பகுதி ஆனது. அதாவது, அந்தச் சண்டை அசைந்ததைப் பலர் முதலில் பார்த்தது கேமில்தான். பார்த்தது என்றா சொன்னேன்? ஆடியது! மலையளவு மாயப் போர் வடிவங்களில் தொடங்கும் சண்டை, சக்தியெல்லாம் வடிந்து, வெறும் கையோடு தள்ளாடிக்கொண்டு ஆளுக்கொரு குத்து விடும் நிலைக்கு வந்து நிற்கும். இத்தனை மணி நேரம் நீங்கள் பழகிய வித்தை எதுவும் அங்கே கைகொடுக்காது. பட்டன் இருக்கிறது, பலம் இல்லை. களைப்பை நடிகன் முகத்தில் காட்டலாம். எழுத்தாளன் சொல்லால் காட்டலாம். இவர்கள் நம்மிடமிருந்து பட்டன்களைப் பறித்துக் காட்டினார்கள்.

இப்போது பெற்றோர் கேட்க நினைப்பதை நானே எடுத்துவிடுகிறேன். “எல்லாம் சரி ஐயா, பையன் காசு கேட்கிறானே?”

கேட்கத்தான் செய்வான். ஏனென்றால் இன்று அனிமே பாணியில் பெரும்புகழ் பெற்ற கேம்களில் ஒன்று இலவசம். 2020 செப்டம்பரில் ஷாங்காய் நகரின் மிஹோயோ நிறுவனம் வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’. அழகில் குறையே சொல்ல முடியாது. புல்வெளியில் காற்று வீசுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் அதன் பாத்திரங்கள் பலரும் குலுக்கலில்தான் கிடைப்பார்கள். ஜப்பானில் இதற்கு ‘காச்சா’ என்று பெயர். குலுக்குகிறீர்கள், வரவில்லை. மறுபடி குலுக்குகிறீர்கள். 90-வது குலுக்கலுக்குள் உயர்தரப் பாத்திரம் ஒன்று வந்தே தீரும் என்று உறுதி தருகிறார்கள். வருவது நீங்கள் ஆசைப்பட்ட பாத்திரமாக இருக்கும் என்ற உறுதி அதில் இல்லை! ஜப்பான் அரசு 2012-லேயே ‘கோம்ப்பு காச்சா’ என்ற மோசமான வகையைத் தடுத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் கென்ஷினை அங்கே நடத்தும் நிறுவனத்தை 2 கோடி டாலர் கட்ட வைத்தது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றிக் குலுக்கல் பெட்டி விற்கக் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது.

என் கட்சிப்படியே இதையும் எடைபோடுங்கள். குலுக்கும்போது அழுத்துகிறீர்களே ஒரு பட்டன், அதில் நாயகனின் கையில் என்ன நடக்கிறது? ஒன்றுமே நடக்கவில்லை. கதை அங்கே நின்றுவிடுகிறது. எரிநட்சத்திரம் ஒன்று திரையில் விழுகிறது, பர்ஸ் இளைக்கிறது. 1983-இன் காசுப் பெட்டிதான், நல்ல உடுப்பு போட்டு வந்திருக்கிறது. அதே கேமில் மலையேறும்போதும் போரிடும்போதும் அழுத்தும் பட்டன் வேறு ஜாதி. ஒரே கேமுக்குள் இரண்டும் இருக்கின்றன. பிள்ளையிடம் கேமை மூடச் சொல்வதைவிட, எந்தப் பட்டனை அழுத்துகிறாய் என்று கேட்கத் தெரிந்த பெற்றோர் பிழைத்தார்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சைகை காட்டுகிறார். இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

2017-இல் ‘நியர்: ஆட்டோமேட்டா’ வந்தது. இயக்கியவர் யோகோ டாரோ. ஒசாகாவின் பிளாட்டினம் கேம்ஸ் தயாரித்து, ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்டது. மனிதர்களுக்காகப் போரிடும் ஆண்ட்ராய்டுகளின், அதாவது மனித உருவ இயந்திரங்களின் கதை. வெவ்வேறு கோணத்தில் பலமுறை ஆடி, மணிக்கணக்கில் உழைத்தால்தான் கடைசி முடிவுக்கு வர முடியும். அங்கே தயாரிப்பாளர்களின் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. எழுந்து போகலாம் என்று பார்த்தால், அந்தப் பெயர்கள் நம்மைச் சுடுகின்றன! சின்ன முக்கோணம் ஒன்றை ஓட்டிக்கொண்டு நாமும் திருப்பிச் சுட வேண்டும். முடிகிற காரியம் இல்லை. சாகிறோம். மறுபடி சாகிறோம். “கைவிடுகிறாயா?” என்று கேட்கிறது. இல்லை என்கிறோம். உலகின் வேறு மூலைகளில் இதை முன்பே ஆடியவர்கள் விட்டுப்போன ஆறுதல் வரிகள் திரையில் தோன்றுகின்றன. பிறகு உதவி வருகிறது. முகம் தெரியாத ஆட்டக்காரர்கள் நம் முக்கோணத்தைச் சூழ்ந்துகொண்டு சுடுகிறார்கள். நம்மீது விழ வேண்டிய குண்டை அவர்கள் வாங்குகிறார்கள். ஒருவர் விழும்போதெல்லாம் அவருடைய தரவு அழிந்தது என்று ஒரு வரி வருகிறது. பாடலில் ஒற்றைக் குரலோடு பல குரல்கள் சேர்ந்துகொள்கின்றன. கடக்கிறோம்.

கடந்ததும் கேம் ஒரு கேள்வி கேட்கிறது. உன்னைப் போலத் தவிக்கும் யாரோ ஒருவருக்கு உதவுவாயா? உதவுவதென்றால் நீ சேமித்து வைத்த அத்தனையும் அழியும். சேர்த்த ஆயுதம், திறந்த அத்தியாயம், எல்லாம். நீ உதவும் ஆள் யாரென்று உனக்குத் தெரியாது. அவர் நன்றி சொல்லப் போவதும் இல்லை. அப்படியும் சம்மதமா? நிஜமாகவே சம்மதமா? திரும்பத் திரும்பக் கேட்கிறது. சம்மதம் என்று அழுத்தினால் சொன்னபடியே செய்கிறது. ஒவ்வொரு பக்கமாக நம் கண்முன்னே அழித்துக் காட்டுகிறது.

2023-இல் இதே கதை அனிமேத் தொடராகவும் வந்தது. தொடரைப் பார்க்கிறவர்களுக்கு இழப்பதற்கு என்று கையில் ஒன்றும் இருக்காது. கேமை ஆடியவனுக்கு மணிக்கணக்கான உழைப்பு இருக்கிறது. கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு அவன் யோசிக்கிறானே, அந்த நேரத்தை எந்தத் தொடரும் அவனுக்குத் தர முடியாது.

இந்த அரங்கில் அதை ஆடி முடித்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். அங்கே என்ன அழுத்தினீர்கள், ஏன் அழுத்தினீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கேள்வி நேரத்தை அதிலிருந்தே தொடங்குவோம். இந்த முறை கேட்பவன் நான், பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். மைக் வருகிறது.